பட்டதாரிப் பெண்

பட்டதாரி என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால் பெண்பால் இல்லை. மாணவன் மாணவி என்று பிரியும். ஆசிரியன் ஆசிரியை என்று பிரியும். பட்டதாரி மட்டும் வேடதாரியைப் போல இருவருக்கும் ஒன்றாக நிற்கும். வடமொழி வழியில் போயிருந்தால் பெண்ணைப் பட்டதாரிணி என்று அழைத்திருக்க வேண்டும். தமிழில் அந்த வடிவம் வேர் பிடிக்கவில்லை. ஆனால் பால் காட்டாத அந்தச் சொல்லைக் கேட்டதும் பல தலைமுறைகளின் மனத்தில் எழுந்த உருவம் ஆணுடையதுதான். கோட்டும் தலைப்பாகையும் அணிந்த, சர்க்கார் உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞன். பெண்ணைச் சொல்ல வேண்டுமானால் கூடவே இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. பட்டதாரிப் பெண், பட்டதாரிப் பெண்மணி, பெண் பட்டதாரி. நூறாண்டுக்கு மேலாக அந்தக் கூடுதல் சொல் எத்தனையோ பொருள்களைச் சுமந்துவிட்டு இப்போது மெல்ல உதிர்ந்துகொண்டிருக்கிறது.

பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் பொன் தகடு. அரசனுக்குக் கட்டினார்கள், யானைக்கும் கட்டினார்கள். பட்டத்து யானை, பட்டத்து இளவரசன் என்ற சொற்கள் அந்த வழக்கத்தின் மிச்சம். பெண்ணுக்கும் பட்டம் உண்டு, ஆனால் அது அரசனின் மனைவி என்ற முறையில் வருவது. பட்டத்தரசி தன் பட்டத்தைக் கணவனிடமிருந்து பெற்றாள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்து, தேர்வு எழுதித் தேறியவருக்குப் பட்டம் என்ற புதிய பொருள் வந்தபோது, யாருடைய மனைவி, யாருடைய மகள் என்பதற்கு அதில் இடமில்லாமல் போனது. சொல்லின் பொருளில் நடந்த இந்த மாற்றம் வாழ்க்கைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

இந்தியாவில் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்ற பெண்கள் வங்காளத்தில் இருந்தார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1883இல் காதம்பினி பாசுவுக்கும் சந்திரமுகி பாசுவுக்கும் பட்டம் வழங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரி அதற்கு முன்பே, 1875இல், பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஆனாலும் தமிழ்க் குடும்பங்களில் பட்டதாரிப் பெண் என்ற சொல் ஓர் ஆளின் முகத்தோடு அறியப்பட்டது 1911இல்தான் என்று சொல்லலாம். அந்த ஆண்டு மாநிலக் கல்லூரியிலிருந்து பி.ஏ. தேறினார் சுப்புலட்சுமி. பதினொரு வயதளவில் மணமாகி, உடனே கணவனை இழந்தவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டிய சிறுமியைத் தந்தை பள்ளிக்கு அனுப்பினார். அடுத்து எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டத்தையும் பெற்றார். சகோதரி சுப்புலட்சுமி, பி.ஏ., எல்.டி. என்று அச்சில் வந்தபோது, பெயருக்குப் பின்னால் நின்ற அந்த நான்கு எழுத்துகள் பெயருக்கு முன்னால் ஊரார் ஒட்டவைத்திருந்த விதவை என்ற சொல்லை மறைத்தன.

அதே தலைமுறையைச் சேர்ந்தவர் முத்துலட்சுமி. சுப்புலட்சுமியைப் போல அவரும் 1886இல் பிறந்தவர். புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்தார். திரை போட்ட வண்டியில் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பதினைந்து ஆண்டுகளுக்குள் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவர் ஆனார். வகுப்பில் திரைக்குப் பின்னால் இருந்தவர் அவையில் எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தின் எண்ணிக்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.6 விழுக்காடுதான். 1914 ஜூலையில் சென்னைக் கடற்கரையில் கேப்பர் மாளிகையில் பெண்களுக்கென அரசுக் கல்லூரி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 37 பேர். அதுதான் பின்னர் ராணி மேரி கல்லூரி ஆனது. அடுத்த ஆண்டு தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் 41 பேர். இரண்டு கல்லூரிகளின் முதல் ஆண்டு மாணவியரையும் சேர்த்தால் இன்றைய ஒரு வகுப்பறைக்குத்தான் காணும்.

கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்கே பேருந்தில் போகிறவர்கள் இந்த வரலாற்றை வரிசையாகப் பார்த்துவிடலாம். முதலில் ராணி மேரி கல்லூரி. கொஞ்ச தூரத்தில் ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். அங்கேதான் சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை நடத்தினார். அதை ஒட்டி, 1922இல் அவர் தலைமையில் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி. பிறகு அவர் படித்த மாநிலக் கல்லூரி. கடைசியில் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம். விதவை விடுதியிலிருந்து பட்டம் வரை ஒரே சாலை. ஐஸ் ஹவுஸிலிருந்து கிளம்பிய பெண்கள் அந்தச் சாலையில்தான் கல்லூரிக்குப் போய் வந்தார்கள்.

படித்துவிட்டு அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் முக்கியம். ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து 1921இல் தாவரவியலில் ஹானர்ஸ் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் சொன்னார். பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். அன்று பட்டதாரிப் பெண் என்றால் அடுத்த பட்டதாரிப் பெண்களை உருவாக்கப் போகிறவள் என்று பொருள். பெரும்பாலோர் ஆசிரியர் ஆனார்கள், சிலர் மருத்துவர் ஆனார்கள். வேறு வாசல்கள் திறந்திருக்கவில்லை என்பது ஒரு காரணம். திறந்திருந்த இரண்டு வாசல்களிலும் ஆள் தேவை கணக்கற்று இருந்தது என்பது இன்னொரு காரணம்.

பொறியியல் மூன்றாவது வாசல். 1940இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்க லலிதா சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்தவர். அப்போது கையில் சில மாதக் குழந்தை. தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். நூற்றுக்கணக்கான ஆண்கள் படித்த வளாகத்தில் விடுதியில் தங்கிய ஒரே பெண். தனியாக இருக்கிறாளே என்று பெண்களுக்கு இடம் உண்டெனக் கல்லூரி அறிவித்தது. தெரசியாவும் லீலம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் படிப்புக் காலம் குறுக்கப்பட்டதால், ஓராண்டு பின்னால் சேர்ந்தவர்களும் லலிதாவோடு சேர்ந்தே முடித்தார்கள்.

அப்போதுதான் சான்றிதழில் ஒரு சிக்கல் வந்தது. கிண்டியில் அதுவரை பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதால், ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்த தாளில் ‘அவன்’ என்பதற்கான சொல்தான் இருந்தது. அதைப் பேனாவால் அடித்து, மேலே ‘அவள்’ என்பதற்கான சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கனத்த தாள், கறுப்பு அச்செழுத்து, பல்கலைக்கழக முத்திரை, நடுவில் ஒரு பேனாக் கோடு. பெண்கள் பட்டதாரி ஆனதற்கு இதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழில் அந்தச் சான்றிதழை எழுதியிருந்தால் ‘இவர்’ என்ற ஒரு சொல் மூவருக்கும் போதுமாக இருந்திருக்கும். ஆனால் சொல் போதுமாக இருந்தாலும் அதுவரை வகுப்பில் பெண் இல்லையே.

லலிதா பிறகு கல்கத்தாவில் ஒரு மின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின் பணிகளில் அவருடைய உழைப்பு இருக்கிறது. தெரசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். கிண்டியில் இன்று பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் வியந்து எண்ணுவதில்லை. சான்றிதழை அச்சிடும்போதே இருபாலருக்கும் இடம் வைத்துவிடுகிறார்கள்.

கல்லூரிப் பட்டங்களுக்கு வெளியே, தமிழ்ப் புலமைக்கும் பட்டங்கள் இருந்தன. அங்கே பால் விகுதி வெளிப்படையாகவே நடமாடியது. பண்டிதர் ஆண், பண்டிதை பெண். பண்டிதை அசலாம்பிகை அம்மையாரைத் திரு.வி.க. இக்கால ஔவையார் என்று போற்றினார். வித்துவானுக்குப் பெண்பாலாக விதுஷி இருந்தது. ஆனால் அது இசைக் கச்சேரி மேடையோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வில் தேறிய பெண், வித்துவான் திருமதி இன்னார் என்றுதான் எழுதிக்கொண்டார். ஆண்பால் பட்டத்தையும் பெண்பால் அடைமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும் என்று அந்தத் தலைமுறை நினைத்தது. பின்னால் வந்த புலவர், முனைவர் இரண்டுக்கும் இந்தச் சங்கடம் இல்லை. அர் விகுதி மரியாதையையும் தந்தது, பாலையும் கேட்கவில்லை. பி.ஏ.யைக் குறிக்கும் இளங்கலையிலும் எம்.ஏ.யைக் குறிக்கும் முதுகலையிலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இங்கிலாந்திலோ மணமாகாத ஆணைக் குறிக்கும் சொல்லையே பெண்ணின் பட்டத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அதுவும் பழைய பல்கலைக்கழகங்களில் தாமதமாக. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல், கேம்பிரிட்ஜ் 1948இல். மயிலாப்பூரில் பிறந்த ஒரு குழந்தை விதவை பி.ஏ. என்று எழுதிக்கொண்டபோது, ஆக்ஸ்ஃபோர்டில் தேர்வெழுதித் தேறிய பெண்களுக்கு அந்த உரிமை இல்லை.

ஆசிரியை என்ற சொல்லும் இதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. என் பள்ளி நாட்களில் கரும்பலகைக்கு மேலே வகுப்பாசிரியை என்று எழுதியிருந்தால், அந்த ‘ஐ’ எங்களுக்கு உறுத்தவில்லை. இன்று அரசு ஆணைகளில் பட்டதாரி ஆசிரியர் என்பதே எல்லோருக்கும். பள்ளியிலோ அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி.டி. டீச்சர் என்பார்கள். எல்.டி. போய் பி.டி. வந்து, பி.டி.யும் போய் பி.எட். வந்துவிட்டது. பழைய பட்டத்தின் பெயர் பதவியின் பெயராக மட்டும் தங்கிவிட்டது.

பேச்சுத் தமிழ் பட்டதாரி என்ற சொல்லை ஒருபோதும் முழுதாக ஏற்கவில்லை. காலேஜ் படிச்ச பொண்ணு என்றார்கள். இப்போது டிகிரி முடிச்சிருக்கா என்கிறார்கள். பட்டதாரி என்பது செய்தித்தாளுக்கும் விண்ணப்பத்துக்கும் உரிய சொல். இன்னொரு இடமும் உண்டு. அங்கேதான் அது மிக நீண்ட காலம் குடியிருந்தது: கல்யாணச் சந்தை.

பெண் பட்டதாரி, பட்டதாரிப் பெண் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றல்ல. பெண் பட்டதாரி என்பவள் பட்டதாரிகளில் ஒருத்தி. பட்டதாரிப் பெண்ணில் வரும் பெண், பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்கிறோமே, அந்தப் பெண். மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம், உயரம், நட்சத்திரம் ஆகியவற்றோடு வரிசையில் நின்ற சொல் அது. பட்டதாரிப் பெண் தேவை என்று கேட்ட அதே விளம்பரம் வேலைக்குச் செல்லாத பெண் விரும்பத்தக்கது என்றும் முடியும். படிப்பு வேண்டும், அதன் பயன் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உதவும் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். பட்டம் மறுபடியும் கணவன் வீட்டை நோக்கியே திரும்பிக்கொண்டது.

கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் இதன் ஏற்ற இறக்கம் தெரியும். நாற்பதுகள், ஐம்பதுகளின் பத்திரிகைகளில் மணமகன் சிரஞ்சீவி இன்னார், பி.ஏ.; மணமகள் சௌபாக்கியவதி இன்னார், அவ்வளவுதான். அறுபதுகள், எழுபதுகளில் மணமகள் பெயருக்குப் பின்னாலும் எழுத்துகள் தென்படத் தொடங்கின. என் பெரியம்மா 1960களின் கடைசியில் பி.ஏ. முடித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி போன முதல் பெண். மாப்பிள்ளை பி.யூ.சி.யோடு நிறுத்திவிட்டு அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்திலிருந்து வந்த புரூஃபில் பெரியம்மா பெயருக்குப் பின் பி.ஏ. இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருத்தப்பட்டார்கள் என்று தாத்தா அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். வந்த பத்திரிகைகளில் அந்த எழுத்துகள் இல்லை. அந்தப் புரூஃப் தாளைப் பெரியம்மா பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். மஞ்சளாகிப்போன தாள், நடுவில் சற்றே கோணலான சிவப்புக் கோடு. கிண்டியில் ஒரு கோடு பெண்ணை உள்ளே சேர்த்தது. எங்கள் வீட்டில் ஒரு கோடு வெளியே அனுப்பியது. இரண்டுக்கும் நடுவே கால் நூற்றாண்டு ஓடியிருந்தது, சட்டமும் விதியும் மாறியிருந்தன, அச்சகத்துக்குப் போய்வந்த தாள் மட்டும் மாறவில்லை.

பெரியப்பா நல்லவர். கடைக் கணக்கு முழுவதும் பெரியம்மாதான் பார்த்தார். ஆனால் அவர் பட்டதாரி என்று அந்தத் தெருவில் தெரிந்தவர்கள் சிலர்தான்.

இன்றைய பத்திரிகைகளில் இருவர் பெயருக்குப் பின்னாலும் பட்டங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பி.இ., எம்.பி.ஏ. என்று மணமகளுக்கு ஒன்று கூடுதலாகவும் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் வேலை பார்க்கும் கம்பெனி, ஊர், சில சமயம் நாடு. பட்டம் தானாகவே ஒரு செய்தி என்ற நிலை போய், எங்கே வேலை என்பதற்கான முன்னுரை ஆகிவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் அடித்த பத்திரிகைகள் சிலவற்றில் இரண்டு பெயர்கள் மட்டும், பட்டமே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். பெரியம்மாவுக்கு மறுக்கப்பட்டதை இவர்கள் தாமாகவே விட்டுவிடும் அளவுக்கு அது எளிதாகிவிட்டதே என்று. கொஞ்சம் ஏக்கமும் இருந்தது. அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் வைக்க எத்தனை பேர் எத்தனை திரைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்!

பட்டமளிப்புப் படங்களும் அப்படித்தான். கறுப்பு அங்கியை வாடகைக்கு எடுத்து, புடவை முந்தானையின் மேல் அதைச் சரிசெய்து, கையில் சுருட்டிய தாளோடு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் முன்னறையில் தொங்கும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபின் அந்தப் படம் பிறந்த வீட்டிலேயே இருந்துவிடும். புகுந்த வீட்டுச் சுவரில் கல்யாணப் படம். ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டு வீட்டுச் சுவர்களில் பிரிந்து கிடந்தது. இப்போது பட்டமளிப்பு நாளன்று படம் நூறு பேரின் கைபேசிகளுக்குப் போய்விடுகிறது. சுவரில் ஆணி அடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். புகுந்த வீட்டுக்கும் அது கூடவே போகிறது என்பது பெரிய ஆதாயம்.

கல்யாணத்தையும் பட்டத்தையும் அரசே ஒரு திட்டத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கியபோது, ஓரளவு பள்ளிப்படிப்பு உள்ள ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணைப் பாதியில் நிறுத்தாமல் படிக்க வைக்கட்டும் என்பது நோக்கம். பல வீடுகளில் அது நிறைவேறவும் செய்தது. 2011இல் இரண்டு தட்டாகப் பிரித்தார்கள். பத்தாம் வகுப்பு படித்தவளுக்கு 25,000 ரூபாய். பட்டம் அல்லது பட்டயம் பெற்றவளுக்கு 50,000. இருவருக்கும் தாலிக்கு நாலு கிராம் தங்கம், பின்னர் அது எட்டு கிராம் ஆனது. பட்டதாரிப் பெண் என்ற சொல்லுக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு விலையும் எடையும் இருந்த காலம் அது. அந்தப் பணத்தால் எத்தனையோ அப்பாக்கள் மகளை மூன்று வருஷம் கூடுதலாகக் கல்லூரிக்கு அனுப்பினார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் பட்டத்தின் பயன் தாலியில் வந்துதான் கைக்குக் கிடைத்தது.

2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் மேற்படிப்பில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. முன்பு மொத்தமாகக் கல்யாணத்தின்போது வந்தது. இப்போது மாதாமாதம் படிக்கும்போதே வருகிறது. பஸ் பாஸ் போக மிச்சக் காசுக்கு நோட்டு, செருப்பு, ஜெராக்ஸ் என்று கணக்குப் போடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வரும் தங்கம் நின்றுபோனதே என்று குறைப்பட்ட தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். பவுன் விலை போகிற போக்கில் அவர்கள் குறையைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்த மாற்றம் சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். பட்டமும் தாலியும் முதன்முறையாகத் தனித்தனிக் கணக்கில் வந்திருக்கின்றன.

கல்லூரியை விட்டு வெளியேறிய பெண்ணுக்கும் ஒரு சொல் வேண்டுமே. பெண்கள் கல்லூரிகளில் அலும்னே அசோசியேஷன் என்ற பலகை உண்டு. அலும்னா என்பது லத்தீன். ஊட்டி வளர்க்கப்பட்டவள் என்று பொருள். தமிழ்நாட்டில் அதை முன்னாள் மாணவியர் சங்கம் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் பழைய மாணவிகள் சங்கம் என்கிறார்கள். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியின் பழைய மாணவிகள் போருக்குப் பின் உலகமெங்கும் சிதறியும் போன இடமெல்லாம் அந்தச் சங்கத்தைக் கட்டியிருக்கிறார்கள். முன்னாள் என்பதில் பதவி போன வாடை வீசும். பழைய என்பதில் பழக்கத்தின் நெருக்கம் இருக்கிறது. எனக்கு இலங்கை வழக்கே பிடிக்கும்.

இந்தச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை கூடி, டீச்சர்களுக்குச் சால்வை போர்த்தி, மதியச் சாப்பாடோடு கலைவதுதான் வழக்கம். 2003இல் ராணி மேரி கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தபோது நிலை மாறியது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்தார்கள். பழைய மாணவிகளும் அவர்களோடு நின்றார்கள். பாட்டிகளும் பேத்திகளும் ஒரே கல்லூரியின் பெயரைச் சொல்லிப் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 37 பேரோடு தொடங்கிய கல்லூரிக்கு, கேட்டதும் வந்து நிற்க அத்தனை தலைமுறைப் பட்டதாரிகள் இருந்தார்கள். இப்போது சங்கத்தின் வேலையில் பெரும்பகுதியை வாட்ஸ்அப் குழு செய்துவிடுகிறது. தேடிக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது; கூடி உட்காருவதுதான் குறைந்துவிட்டது.

எண்ணிக்கையில் நாம் வந்திருக்கும் தூரம் பெரிது. 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதினரைக் கொண்டு கணக்கிடும் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாடு முழுவதும் 28.4. இங்கே பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் பின்னால் இல்லை. அன்று நூற்றுக்கு ஒருத்திகூட எழுத்தறியாதிருந்த நாட்டின் ஒரு மாநிலத்தில், ஏறக்குறைய இரண்டில் ஒரு பெண் கல்லூரி வாசலைத் தாண்டுகிறாள். பட்டதாரி என்று சொன்னால் இப்போது ஆணை மட்டும் யாரும் நினைப்பதில்லை. கூடுதலாக ஒரு பெண் என்ற சொல் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் சொல் பொதுவானபோது அதன் கனமும் குறைந்தது. 1922இல் பி.ஏ., எல்.டி. ஒரு பெண்ணைக் கல்லூரி முதல்வர் ஆக்கியது. இன்று எம்.எஸ்சி., பி.எட். முடித்தவள் டெட் தேர்வும் எழுதித் தேறிவிட்டு, பணி நியமன அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாள். அதற்கிடையே பக்கத்துத் தனியார் பள்ளியில், வெளியே சொல்லக் கூசுகிற சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறாள். முனைவர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட பெண்கள் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாக வயதைக் கடத்துகிறார்கள். ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கம் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் டிகிரி முடித்தவர்கள் உண்டு. செய்கிற வேலைக்கும் அந்த டிகிரிக்கும் தொடர்பில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட பொறியாளர்கள் எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். லலிதாவுக்குக் கிண்டி வாசலைத் திறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இவர்களுக்கு நுழைவது எளிது; நுழைந்தபின் வெளியே போகும் வழிதான் தெரியவில்லை. இதைப் பெண்ணின் குறையாகப் பேசுகிறவர்களை நான் ஏற்பதில்லை. ஒரு பெண் பட்டம் பெற்றால் அவளுக்கு வேலையும் உண்டு என்று அன்றைய அரசு ஏற்பாடு செய்தது. லேடி வெலிங்டன் கல்லூரி அந்த ஏற்பாடுதான். இன்று பட்டம் கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது.

இருந்தாலும் பட்டதாரி என்ற சொல் இன்னும் ஓரிடத்தில் பழைய கனத்தோடு இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். 2010 முதல் தொழிற்கல்விப் படிப்புகளில் கட்டணச் சலுகைக்காக வந்தது. இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய்த் துறை கையெழுத்திட்டு வர வேண்டும். விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, இருபக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் என ஒவ்வொருவரின் படிப்பையும் எழுத வேண்டும். அவர்களில் ஒருவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. அக்காவுக்காக வாங்குவதா, தம்பிக்காக வைத்திருப்பதா என்ற பேச்சு பல வீடுகளில் நடந்திருக்கிறது. அக்கா பெயரிலேயே எழுதிக்கொண்டு வந்த அப்பாக்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

அந்த விண்ணப்பத்தில் அம்மாவின் படிப்புக்கும் பாட்டியின் படிப்புக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நீண்ட காலம் அவற்றில் எழுதப்படிக்கத் தெரியாது, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்றுதான் எழுதினார்கள். இன்று பல விண்ணப்பங்கள் அம்மாவின் கட்டத்திலேயே நின்றுபோகின்றன. சிலவற்றில் பாட்டியின் கட்டத்தில். எங்கள் பெரியம்மாவின் பேத்தி பொறியியலில் சேர்ந்தபோது அந்தச் சலுகை அவளுக்குக் கிடைக்கவில்லை. பாட்டி 1960களில் பி.ஏ. முடித்தவர் என்று அவளே தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தாள்.